பூக்கிறது, காய்க்கவில்லை

சித்திரை பிறந்துவிட்டால் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் மாடித்தோட்டக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே புலம்பல்தான். தக்காளிச் செடி இடுப்பளவு வளர்ந்து நிற்கிறது. இலையில் வாட்டம் இல்லை, பூச்சி இல்லை. கொத்துக்கொத்தாய் மஞ்சள் பூ. ஒரு வாரம் போய்ப் பார்த்தால் அத்தனையும் தரையில் கொட்டிக் கிடக்கிறது. காய் என்று சொல்ல ஒன்றுகூட இல்லை. பக்கத்துப் பையில் இருக்கும் வெண்டையோ அதே வெயிலில், அதே தண்ணீரில், பறிக்கப் பறிக்கக் காய்த்துக்கொண்டிருக்கிறது.

உடனே வைத்தியம் ஆரம்பமாகும். ஒருவர் தேங்காய்ப்பாலும் மோரும் புளிக்கவைத்த தேமோர் கரைசலைத் தெளிக்கச் சொல்வார். இன்னொருவர் பெருங்காயம் கரைத்து ஊற்றச் சொல்வார். மூன்றாமவர் மீன் அமிலம். எல்லாம் செய்த பிறகும் பூ கொட்டிக்கொண்டேதான் இருக்கும். ஒரு நாள் வெறுத்துப்போய்ச் செடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, "நம்ம கைக்குத் தக்காளி வராது" என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

கையில் ஒரு குறையும் இல்லை. அந்தப் பூவின் தலையெழுத்து அது விரிவதற்கு ஒரு வாரம் பத்து நாளுக்கு முன்பே, பெரும்பாலும் இரவில், எழுதி முடிந்துவிட்டது. அது எப்படி என்பதைப் பார்த்துவிட்டால், தக்காளி விதையை எந்தத் தேதியில் ஊன்றுவது என்பதை நாமே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். இந்த அத்தியாயத்தின் பெரும்பகுதி அந்த ஒரு கணக்குதான்.

விழுந்த பூவைக் கையில் எடுங்கள்

தரையில் கிடக்கும் தக்காளிப் பூ ஒன்றை எடுத்துப் பாருங்கள். பூவோடு காம்பும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். இப்போது செடியில் இருக்கும் ஒரு பூவின் காம்பைப் பாருங்கள். நடுவில் விரல் மூட்டுப்போல ஒரு புடைப்பு தெரியும். விழுந்த பூ சரியாக அந்த மூட்டில்தான் கழன்றிருக்கிறது. காற்றில் ஒடிந்திருந்தால் முனை பிய்ந்து நார் தெரியும். இதில் கத்தியால் நறுக்கியதுபோல வழவழப்பாக இருக்கும்.

செடி தானே கழற்றிவிட்ட பூ இது. அந்த மூட்டில் உதிர்வதற்கென்றே ஒரு மெல்லிய செல் வரிசை உண்டு. அதை உதிர் அடுக்கு என்பார்கள். பூவுக்குள் கருவுற்றால், வளரத் தொடங்கும் இளங்காயிலிருந்து ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருள் காம்பு வழியாகக் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். அது வரும்வரை மூட்டு இறுகியிருக்கும். வரவில்லை என்றால் அடுக்கின் செல்கள் ஒன்றையொன்று விட்டு விலகிவிடும். காய்க்காத பூவுக்கு ஏன் தண்ணீரும் சர்க்கரையும் செலவழிக்க வேண்டும் என்பது செடியின் கணக்கு.

ஆகவே பூ உதிர்வது நோய் அல்ல. கருவுறவில்லை என்பதன் விளைவு. கேள்வியை இப்படி மாற்றிக் கேட்க வேண்டும்: சித்திரையில் தக்காளிப் பூ ஏன் கருவுறுவதில்லை?

பூவுக்குள் ஒரு மஞ்சள் கூம்பு

தக்காளிப் பூவின் இதழ்கள் பின்னால் மடங்கியிருக்க, நடுவில் ஒரு மஞ்சள் கூம்பு நீட்டிக்கொண்டிருக்கும். மகரந்தப்பைகள் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு உண்டாக்கிய குழாய் அது. குழாயின் நடுவே சூல்தண்டு நிற்கிறது. அதன் நுனியில் இருப்பது சூல்முடி, அதாவது மகரந்தத்தை வாங்கிக்கொள்ளும் பிசுபிசுப்பான பரப்பு. மகரந்தப்பைகள் உட்பக்கமாகத் திறக்கும். ஒரு குலுக்கலில் மகரந்தம் குழாய்க்குள்ளேயே கொட்டிச் சூல்முடியில் ஒட்டிக்கொள்ளும். இன்னொரு செடி தேவையில்லை.

குலுக்கல் மட்டும் வேண்டும். அதைக் காற்று செய்யும். காற்றைவிட நன்றாகச் செய்பவை கருவண்டும் உடம்பில் நீலப் பட்டை போட்ட சிறு தேனீக்களும். கூம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இறக்கையை அசைக்காமல் மார்புத் தசையை மட்டும் அதிரவிட்டு, 'ஙொய்' என்று ஓர் ஒலியெழுப்பி மகரந்தத்தை உதிர்க்கும். நாம் பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. ஐந்தாம் மாடிக்குக் கருவண்டு வருமா என்று கவலைப்பட வேண்டாம். காலை பத்து மணி வாக்கில் பூக்காம்பை விரலால் நாலு சுண்டு சுண்டினால் போதும்.

அப்படிச் சுண்டும்போது பூவுக்கு அடியில் அணைத்து வைத்த செல்பேசியின் கருப்புத் திரையைப் பிடியுங்கள். தை மாதத்துப் பூவிலிருந்து வெளிர்மஞ்சள் தூசு திரையில் படியும். சித்திரையில் பூத்ததைச் சுண்டிப் பாருங்கள், பெரும்பாலும் திரை சுத்தமாகவே இருக்கும். சில வகைகளில் இன்னொன்றையும் வெறுங்கண்ணாலேயே காணலாம். வெயில் கடுமையாகும்போது சூல்தண்டு அளவுக்கு மீறி நீண்டு, கூம்புக்கு வெளியே பச்சையாக எட்டிப்பார்க்கும். உள்ளே மகரந்தம் கொட்டினாலும் அது எட்டாத உயரத்தில் சூல்முடி நிற்கும்.

மிளகளவு மொட்டில் நடப்பது

மகரந்தம் பூ விரிந்த அன்று உண்டாவதில்லை. ஏறத்தாழ எட்டு முதல் பதின்மூன்று நாள் முன்பு, மிளகளவுப் பச்சை மொட்டாக இருக்கும்போதே அதன் தாய்ச்செல்கள் பிரிந்து மகரந்தத் துகள்கள் உருவாகத் தொடங்கிவிடுகின்றன. பிறந்த துகளுக்குச் சொந்தமாக உணவு தயாரிக்க வழியில்லை. மகரந்தப்பையின் உட்சுவரில் ஓர் அடுக்குச் செல்கள் அதற்குச் சர்க்கரையும் புரதமும் ஊட்டி வளர்க்கின்றன. பாடநூல்களில் டபீட்டம் என்று இருக்கும். இங்கே செவிலித்திசு என்று வைத்துக்கொள்வோம்.

செவிலித்திசுவின் வாழ்நாள் குறுகியது. ஊட்டி முடித்ததும் தானே கரைந்துபோக வேண்டும். அதுதான் முறை. வெப்பம் மிகுந்தால் அது வேலை முடியுமுன்பே குலைந்துபோகிறது. மொட்டு சுவாசத்திலேயே சர்க்கரையைச் செலவழித்துவிடுவதால் துகளுக்குப் போய்ச் சேர்வதும் குறைகிறது. நல்ல மகரந்தத் துகள், பூ விரிய மூன்று நாள் இருக்கும்போது மாவுச்சத்தைச் சேர்த்து வைத்திருக்கும். சூல்முடியில் விழுந்தவுடன் குழாய் விட்டு நீண்டு சூலை அடைவதற்கான கட்டுச்சோறு அது. வெப்பத்தில் வளர்ந்த துகளில் அந்தக் கையிருப்பு இல்லை. சுருங்கிப்போன வெற்றுத் தோலாகப் பூவுக்குள் கிடக்கிறது.

சூல் பக்கமும் வெப்பத்தால் பாதிக்கப்படும் என்றாலும் முதலில் படுத்துவிடுவது மகரந்தம்தான்.

இப்போது தேமோர் கரைசலுக்கு வருவோம். அதில் சத்து இருக்கலாம், இலைக்கு நல்லதாகவும் இருக்கலாம். ஆனால் பூ கொட்டுவதைப் பார்த்த பிறகு தெளிக்கும் எதுவும், பத்து நாள் முன்பே வெறும் தோலாகிப்போன மகரந்தத்துக்கு உயிர் கொடுக்காது. தெளித்த பிறகு காய் பிடித்ததே என்று சொல்பவர்கள் உண்டு. நடுவில் கோடைமழை பெய்து நாலைந்து நாள் இரவு குளிர்ந்திருந்ததா என்று அவர்களைக் கேட்டுப் பார்க்கலாம்.

பாசடீனாவில் இரவு

இந்த விஷயத்தில் இரவுக்கு இருக்கும் பங்கைக் கண்டுபிடித்தவர் ஃபிரிட்ஸ் வெண்ட் என்ற டச்சுத் தாவரவியலாளர். இளம் வயதில் ஆக்சினைப் பிரித்துக் காட்டிப் பெயர் பெற்றவர். பிறகு ஜாவாவில் வேலை பார்த்தார். 1933 முதல் அமெரிக்காவின் பாசடீனா நகரில், கால்டெக் நிறுவனத்தில். அங்கே குளிரூட்டிய கண்ணாடி வீடுகளில் தக்காளியை வளர்த்தார். பகலில் ஒரு வெப்பநிலை, இரவில் வேறொன்று என்று செடிகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். 1944-இல் அவர் வெளியிட்ட முடிவு, இரவு 15 முதல் 20 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தால் காய் நன்றாகப் பிடிக்கிறது, அதற்கு மேல் போனால் குறைகிறது என்பது. பகல் எப்படி இருந்தது என்பதைவிட இரவு எப்படி இருந்தது என்பது காய்ப்பைத் தீர்மானித்தது.

1990-களில் வட கரோலைனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மேரி பீட்டும் அவர் குழுவினரும் இதை இன்னும் நுணுக்கமாகச் சோதித்தார்கள். பகலையும் இரவையும் சேர்த்த நாள் சராசரியே முக்கியமான அளவுகோல் என்று கண்டார்கள். சராசரி 25 டிகிரியில் நன்றாகக் காய்த்த செடிகள், 29 டிகிரியில் மிகக் குறைவாகவே காய்த்தன. காய்த்தவற்றிலும் விதை குறைவு. நடுவில் நான்கே டிகிரி! மனிதர்களுக்கு மின்விசிறியின் வேகத்தைக் கூட்டிவிட்டால் தீர்ந்துபோகும் வித்தியாசம்.

25, 29 என்ற இந்த இரண்டு எண்களையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சென்னைக்காரர்களுக்கென்றே அளந்து கொடுத்ததுபோல இருப்பது போகப்போகத் தெரியும்.

சென்னையின் நான்கு டிகிரி

சென்னையில் வானிலைப் பதிவுக்குப் பஞ்சமில்லை. நுங்கம்பாக்கத்தில் 1792-லேயே வானாய்வகம் எழுந்துவிட்டது. பல்லாண்டுச் சராசரியைப் பார்த்தால், ஜனவரியில் பகல் உச்சம் 29-30 டிகிரி, இரவு தாழ்நிலை 21-ஐ ஒட்டி. கூட்டி இரண்டால் வகுத்தால் 25. பிப்ரவரியில் 26-27. மார்ச்சில் 28-ஐத் தாண்டுகிறது. ஏப்ரலில் 30-க்கு மேல். மே மாதம் பகல் 37-38, இரவுகூட 27-28, சராசரி 32-33. கத்திரி கழிந்தும் பெரிதாக இறங்குவதில்லை. ஜூலையில் 31, செப்டம்பரில்கூட 30-ஐ ஒட்டியே. அக்டோபரில் மழை வந்த பிறகு 28, நவம்பரில் 26-27, டிசம்பரில் 25-26.

அதாவது ஆண்டு முழுவதிலும் தக்காளி மகரந்தத்துக்கு உகந்த காலம் நவம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி கடைசி வரைதான். கார்த்திகை தொடங்கி மாசி நடுவரை. அதிலும் வெண்ட் சொன்ன 20 டிகிரி இரவு நமக்கு மார்கழி, தையில்தான் ஓரளவு கிட்டும்.

மேற்குப் புறநகருக்கு இதில் ஒரு நட்டமும் ஒரு லாபமும் உண்டு. கோடையில் மதியத்துக்கு மேல் மெரினாவில் வீசும் கடற்காற்று, பதினைந்து இருபது கிலோமீட்டர் உள்ளே தள்ளியிருக்கும் அம்பத்தூரையும் பூந்தமல்லியையும் வந்து சேர நேரமாகும். வரும்போது வலுவும் குறைந்திருக்கும். அதனால் பகல் வெயில் இங்கே கூடுதல். மார்கழியில் நிலைமை தலைகீழ். கடலை ஒட்டிய மயிலாப்பூரின் இரவைக் கடல்நீரின் வெதுவெதுப்பு குளிரவிடாது. ஆவடிக்கும் திருநின்றவூருக்கும் அந்தத் தொல்லை இல்லை, விடியற்காலையில் நன்றாகவே குளிரும். தக்காளிக்கு வேண்டியது அந்த விடியற்காலைதான். மாநகரத்துக்குள் தக்காளி போடுபவர்களைவிட ஆவடிக்காரருக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம் என்றே சொல்ல வேண்டும்.

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது எல்லோருக்கும் தெரிந்த பழமொழி. அதை நம்பி ஆடியில் தக்காளி ஊன்றுபவர்கள் நிறைய. கோயம்புத்தூரில் அது பலிக்கும். 400 மீட்டர் உயரம், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று, ஜூலை இரவு 22 டிகிரி, நாள் சராசரி 27-ஐ ஒட்டி. தக்காளியைப் பொறுத்தவரை கோவையின் ஆடியும் சென்னையின் மாசியும் ஒன்றுதான். அதே ஆடியில் ஆவடியில் ஊன்றினால் புரட்டாசியில், 30 டிகிரி சராசரியில் பூக்கும். பூத்துக் கொட்டும். பழமொழி பொய்யில்லை, வெண்டைக்கும் கத்தரிக்கும் கொடிவகைக்கும் ஆடி இங்கேயும் நல்ல பட்டம்தான். எல்லாப் பயிருக்கும் எல்லா ஊருக்கும் ஒரே பட்டம் என்று எடுத்துக்கொண்டது நாம். இந்தத் திருவள்ளூர், செங்கல்பட்டு வட்டாரத்து நெல் விவசாயிகள் காவிரிக்கரையின் குறுவை, தாளடிக் கணக்கில் போவதில்லை. அவர்களுக்குச் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று தனிப் பட்டங்கள்.

கோயம்பேடு சந்தைக்குத் தக்காளி எங்கிருந்து வருகிறது என்று பார்த்தாலும் இதே கதைதான். மதனப்பள்ளி, கோலார், ராயக்கோட்டை, ஓசூர். பெரும்பாலும் ஐந்நூறு மீட்டருக்கு மேல் உள்ள மேட்டு நிலங்கள், இரவு குளிரும் ஊர்கள். சித்திரை, வைகாசியில் அந்த மேட்டிலும் வெப்பம் எல்லை மீறினால், பூ உதிர்ந்த கணக்கு ஒன்றரை இரண்டு மாதம் கழித்து விலையில் தெரியும். 2023 ஜூலையில் சென்னையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, அரசு ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றது நினைவிருக்கும். அதற்கு நச்சுயிரி நோய், மழை என்று வேறு காரணங்களும் இருந்தன. கோடைப் பூவுக்கும் அதில் பங்குண்டு.

பூவிலிருந்து பின்னோக்கி

இனி கணக்கு. நாம் வழக்கமாக விதைக்கும் நாளிலிருந்து முன்னோக்கி எண்ணுவோம். இங்கே பூவிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும்.

முதல் கொத்து டிசம்பர் 20 வாக்கில், மார்கழி பிறந்தவுடன் விரிய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதன் மகரந்தம் உருவாகும் காலம் டிசம்பர் 7 முதல் 12 வரை. சராசரி 26-க்குள், பிழைத்தது. நாற்றைப் பையில் நட்டதிலிருந்து முதல் பூவுக்கு ஒரு மாதம். அப்படியானால் நடவு நவம்பர் 20, கார்த்திகைத் தொடக்கம். நாற்றுக்கு இருபத்தைந்து நாள். எனவே விதைப்பு அக்டோபர் 25 வாக்கில், ஐப்பசி இரண்டாம் வாரத் தொடக்கம்.

தேதியைப் பார்த்ததும் சென்னைவாசிக்குத் திக்கென்றிருக்கும். வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்குவதே அக்டோபர் 20 வாக்கில்தான். ஆண்டின் 1400 மில்லிமீட்டர் மழையில் ஏறத்தாழ அறுபது விழுக்காடு அடுத்த இரண்டரை மாதத்தில் கொட்டப்போகிறது. நாற்று அழுகும், பையில் தண்ணீர் தேங்கும். புயல் வந்தால் கேட்கவே வேண்டாம். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் வந்தபோது அம்பத்தூர் தொழிற்பேட்டையே தண்ணீரில் நின்றது.

இந்த ஊரில் தக்காளி வளர்ப்பது கடினம் என்பதன் உண்மையான காரணம் இதுதான். வெப்பம் அனுமதிக்கும் காலமும் மழை அனுமதிக்காத காலமும் பாதிக்குப் பாதி ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. வயலில் இதற்கு வழி குறைவு. வீட்டில் உண்டு, ஏனென்றால் நாற்று சிறியது, தூக்கி வைக்கலாம். குழித்தட்டில் விதைத்து, மழைச்சாரல் படாத ஆனால் காலை வெயில் விழும் இடத்தில், வாசல் போர்ட்டிகோவிலோ பால்கனியிலோ வையுங்கள். நடும் பையில் மண்ணைக் குறைத்துத் தேங்காய் நார்க்கழிவையும் மண்புழு உரத்தையும் கூட்டிக்கொண்டால் தண்ணீர் வடியும். அடியில் மட்டுமின்றிப் பக்கவாட்டிலும், அடியிலிருந்து இரண்டு விரற்கடை மேலே, துளை போட்டு, செங்கல் மேல் தூக்கி வைக்க வேண்டும். கனமழை எச்சரிக்கை வந்தால் இரண்டு நாளைக்குப் பையை இழுத்துச் சுவரோரம் ஒதுக்குங்கள்.

மழையோடு மல்லுக்கட்ட விருப்பமில்லாதவர்கள் நவம்பர் நடுவில் விதைக்கலாம். பூ ஜனவரி நடுவில் வரும். காய்க்கும் காலம் மூன்று வாரம் குறையும், நிம்மதி கூடும். டிசம்பர் கடைசிக்கு மேல் விதைப்பது வீண். பொங்கலுக்கு நர்சரியில் நாற்று அழகாக இருக்கிறதே என்று வாங்கி வைப்பவர்கள்தான் சித்திரையில் புலம்புபவர்கள்.

முன்பக்கக் கணக்கையும் முடித்துவிடுவோம். மார்ச் முதல் வாரம் வரை விரியும் பூக்கள் காய் பிடிக்கும். பிடித்த காய் சிவக்க ஏழு வாரம். கருவுறுதல்தான் வெப்பத்துக்கு அஞ்சும். பிடித்த காய் வளர்வதற்குப் பங்குனி வெயில் பெரிய தடை இல்லை. ஏப்ரல் வரை பழம் பறிக்கலாம். ஒரு குறை, கடைசிப் பழங்கள் சிவக்காமல் ஆரஞ்சு நிறத்திலேயே நின்றுவிடும். தக்காளிக்குச் சிவப்பைத் தரும் லைக்கோபீன் 30-32 டிகிரிக்கு மேல் சரியாக உருவாவதில்லை, மஞ்சள் நிறமியான கரோட்டின் உருவாகும். அவற்றைச் செங்காயாகவே பறித்து வீட்டுக்குள் நிழலில் வைத்தால் ஓரளவு சிவக்கும். பிறகு செடியைப் பிடுங்கிவிட்டு அதே பையில் கொத்தவரையோ வெண்டையோ ஊன்றுங்கள்.

மொட்டை மாடியின் இரவு

வானிலை நிலையத்தின் எண்ணும் உங்கள் மாடியின் எண்ணும் ஒன்றாக இருக்காது. கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு, அடுப்பை அணைத்த பிறகும் ஆறாத தோசைக்கல்லைப்போல, நள்ளிரவு வரை சூட்டைக் கக்கும். மேற்குப் பார்த்த கைப்பிடிச்சுவரும் அப்படித்தான். மாலை வெயில் வாங்கும் சுவரை ஒட்டிப் பைகளை வரிசையாக அடுக்குவது பார்க்க ஒழுங்காக இருக்கும், தக்காளிக்கு அதைவிட மோசமான இடம் இல்லை. கிழக்கு ஓரம் நல்லது. தரைமட்டத்தில் நாலடி மண் இருந்தால் இன்னும் நல்லது.

பச்சை நிழல்வலை பகல் வெயிலைத் தணிக்கும். இரவைக் குளிர்விக்காது. தெளிந்த வானத்தை நோக்கித் தரை தன் சூட்டை விடுவதை வலை கொஞ்சம் தடுக்கவே செய்யும். ஏப்ரலில் வலையைக் கட்டிவிட்டுப் பூ நிற்கும் என்று காத்திருப்பவர்கள் ஏமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெண்டைக்குக் கவலையில்லை, அவரைக்கு வேறு கவலை

தக்காளியின் மூதாதையர் தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப்பக்கத்தவை. பகல் வெயில் பழக்கம், இரவுக் குளிரும் பழக்கம். வெண்டையும் கொத்தவரையும் வெப்பநிலத்துப் பிள்ளைகள். அவற்றின் மகரந்தம் நம் கோடை இரவுகளை ஒரு பொருட்டாகவே எண்ணாது. இதற்குமேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

பந்தல் அவரை விஷயம் சுவையானது. தையில் விதை போட்டால் கொடி பந்தலை மூடும், அடுத்த வீட்டு மதிலைத் தாண்டும், பூ மட்டும் எடுக்காது. ஆடியில் போட்டால் ஐப்பசி, கார்த்திகையில் பூத்து மாசி வரை காய்க்கும். இங்கே கணக்கு வெப்பத்தில் இல்லை, பகலின் நீளத்தில். சென்னையில் ஜூன் கடைசியில் பகல் 12 மணி 50 நிமிடம், டிசம்பர் கடைசியில் 11 மணி 20 நிமிடம். இந்த ஒன்றரை மணி நேரத்தை நாம் கவனிப்பதுகூட இல்லை, அவரை கவனிக்கிறது. பகல் குறுகி இரவு ஓர் அளவைத் தாண்டினால்தான் பூக்கும். இப்படிப்பட்டவற்றைக் குறும்பகல் தாவரங்கள் என்பார்கள். வாஷிங்டன் அருகே கார்னர், அல்லார்டு என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், கோடையில் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்தும் பூக்காத ஒரு புகையிலை வகையை மாலைக்கு முன்பே இருட்டுக் கொட்டகைக்குள் தள்ளிப் பூக்க வைத்து, 1920-இல் இதை உலகுக்குச் சொன்னார்கள். குத்து அவரையில் இந்தக் கட்டுப்பாடு இல்லை, எப்போது போட்டாலும் காய்க்கும். பந்தல் அவரை தெருவிளக்குக்கு நேர் எதிரே படர்ந்திருந்தால் பூப்பது தள்ளிப்போகலாம். விளக்கு அதன் இரவைத் துண்டாடிவிடுகிறது.

புடலை, சுரை, பாகலில் முதலில் வருவதெல்லாம் ஆண்பூவாகவே இருக்கிறதே என்ற புகாருக்கும் பாதி விடை இங்கேதான். நீண்ட பகலும் மிகுந்த வெப்பமும் ஆண்பூவைக் கூட்டும், குறுகிய பகலும் குளிர்ந்த இரவும் பெண்பூவைக் கூட்டும். ஆடியில் போட்ட கொடி புரட்டாசிக்கு மேல் நன்றாகக் காய்ப்பது அதனால்தான்.

பழமரங்களில் எலுமிச்சைக்கு வேண்டியது தாகம். குளிர்நாடுகளில் குளிர் அதைப் பூக்கவைக்கும். நம் ஊரில் அந்த வேலையைச் செய்வது வறட்சி. டிரம்மில் வளர்க்கும் எலுமிச்சைக்கு நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றி இலையாகவே வளர்த்து வைத்திருப்பவர்கள், மழையில்லாத நாட்களில் இலை இலேசாகத் தொங்கும்வரை தண்ணீரை நிறுத்தி, பிறகு நிறைய ஊற்றிப் பார்க்கலாம். சிசிலித் தீவின் எலுமிச்சைத் தோட்டக்காரர்கள் கோடையில் தண்ணீரை நிறுத்தித் தாங்கள் விரும்பிய பருவத்தில் பூவை வரவழைப்பது இந்த முறையில்தான். கன்றாக இருந்தால் இதைச் செய்ய வேண்டாம், காய்ந்தே போகும்.

நூல் கட்டிப் பாருங்கள்

கோடையிலும் காய்க்கும் தக்காளி கிடையாதா என்று கேட்கலாம். தைவானில் 1971-இல் தொடங்கிய ஆசியக் காய்கறி ஆய்வு மையம் வெப்பமண்டலத்துக்கான தக்காளியைத் தேடி நான்காயிரத்துக்கு மேற்பட்ட வகைகளைச் சோதித்தது. வெப்பம் தாங்கிக் காய்த்தவை நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறவில்லை. அவற்றை வைத்துக் கலப்பு செய்து நல்ல வகைகளை உருவாக்கியிருக்கிறார்கள். வீட்டளவில் எளிய வழி, பெரிய பழ வகைகளை மார்கழிக்கு வைத்துக்கொண்டு, பங்குனிக்கு ஒன்றிரண்டு செர்ரித் தக்காளிச் செடிகளை வைத்திருப்பது. சிறிய பழ வகைகளில் பல வெப்பத்தை இன்னும் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும். விதை உறையில் 'ஆண்டு முழுவதும்' என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம்.

உங்கள் மாடிக்கு உரிய எல்லைத் தேதியை நீங்களே கண்டுபிடிக்கலாம். தை முதல் வாரத்திலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அன்று விரிந்திருக்கும் பூங்கொத்து ஒன்றின் காம்பில் ஒரு நிற நூலைத் தளர்வாகக் கட்டுங்கள். வாரத்துக்கு ஒரு நிறம். எந்த நிறம் எந்தத் தேதி, கொத்தில் எத்தனை பூ என்று நாட்காட்டியில் குறித்துவையுங்கள். மூன்று வாரம் கழித்து அந்தக் கொத்தில் எத்தனை காய் நின்றிருக்கிறது என்று எண்ணி எதிரே எழுதுங்கள். முடிந்தால் ஒரு சாதாரண வெப்பமானியைச் செடியின் உயரத்தில், வெயில் படாமல் கட்டிவிட்டு விடியற்காலை அளவையும் பக்கத்தில் எழுதுங்கள். மாசி பாதியில் இருந்து எண் இறங்கத் தொடங்கும். ஏதோ ஒரு நிறத்தில் காயே இல்லாமல் போகும். அந்த நூல் கட்டிய தேதியிலிருந்து இரண்டு வாரம் பின்னே போங்கள், உங்கள் மாடியில் மகரந்தம் தோற்கத் தொடங்கிய நாள் கிடைத்துவிடும். அம்பத்தூர் எஸ்டேட் பக்கத்து அடுக்குமாடியில் அது ஒரு தேதியாகவும், பூந்தமல்லியில் கிணறும் தென்னையும் உள்ள கொல்லைப்புறத்தில் வேறு தேதியாகவும் இருக்கும். அடுத்த ஐப்பசியில் விதைக்கும் நாளை அதை வைத்து முன்னே பின்னே நகர்த்திக்கொள்ளலாம்.